பொறுப்பு மேனேஜருக்கு, செக் புக் பெரியவருக்கு

சேலம், ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீரிலிருந்து பயோகேஸ் எடுக்கும் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்லப் போனால், நான் முதலில் கேட்பது இதுதான்: மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவை, அதாவது அனுமதியை, யார் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் ஒரு பெயருக்குப் பதில் மூன்று வரும். மேனேஜர், ஆடிட்டர், காண்ட்ராக்டர் ஆபீஸில் ஒரு தம்பி. மற்ற இருவரில் யாரோ பார்க்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

கட்டுவதற்கு முன் ஒரு இசைவு, ஓட்டுவதற்கு முன் இன்னொன்று. இரண்டாவதைத் தவறவிட்டால் டேங்க், ஜெனரேட்டர் எல்லாம் தயாராகியும் சும்மா கிடக்கும். ஜவ்வரிசிக்கான குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) பிடுங்கினால் ஓரிரு நாளில் அரைத்தாக வேண்டும், சீசன் நமக்காக நிற்காது.

திட்ட மேலாண்மையில் இதற்கு 'ரேசி' (RACI) அட்டவணை உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் செய்பவர், பதில் சொல்ல வேண்டியவர், கருத்துக் கேட்க வேண்டியவர், தகவல் மட்டும் தர வேண்டியவர் என்று நான்கு பங்கு. செய்பவர்கள் எத்தனை பேரும் இருக்கலாம். பதில் சொல்பவர் ஒருவர்தான். ஒரே ஆளே செய்து, பதிலும் சொல்லலாம்; சின்ன ஆலையில் அப்படித்தான் நடக்கும்.

சரி, அட்டவணை போட்டாயிற்று. ஆனாலும் வேலை நிற்கிறதே? நம் ஊர்க் குடும்பத் தொழில்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்: பதில் சொல்பவர் என்று மேனேஜர் பெயர் இருக்கும், ஒரு பம்ப் மாற்றக்கூட முதலாளியான பெரியவர் கையெழுத்து வேண்டும். அவர் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போயிருப்பார். அப்புறம் தாமதத்துக்குத் திட்டு வாங்குவது மேனேஜர். முடிவெடுக்கும் உரிமை இல்லாதவரிடம் பதில் கேட்பது நியாயமே இல்லை. பெரியவர் செக் புக்கைத் தரமாட்டார் என்றால் அட்டவணையில் அவர் பெயரையே போடுங்கள். சங்கடமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை நிலை. தரத் தயார் என்றால், எவ்வளவு ரூபாய் வரை கேட்காமல் செலவு செய்யலாம் என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பெரியவர் ஊரில் இல்லாதபோது யாரைக் கேட்பது என்பதையும்.

பெரியவரின் மகனும் தம்பியும் சேர்ந்து ஒரே வேலைக்குப் பொறுப்பு என்று எழுதச் சொல்வார்கள், வீட்டுச் சமாதானத்துக்காக. ஒத்துக்கொள்ளாதீர்கள். சிவில் வேலை ஒருவருக்கு, மெஷின் இன்னொருவருக்கு என்று பிரித்துவிடலாம்.

ஆள் மாறும்போது ஃபைலை மட்டும் வாங்கினால் போதாது. வாரியத்துக்கு விண்ணப்பம் ஆன்லைனில் போகிறது. அதன் பாஸ்வேர்டும், அதில் பதிவான போன் நம்பரும் வேலையை விட்டுப் போகிறவருடையதாக இருந்தால், அவர் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.