2,75 எப்படி 275 ஆச்சு?

அளவு எடுக்கிற ஒரு கருவியில இருந்து வர்ற ரீடிங்கை ஃபைலா எழுதி சர்வருக்கு அனுப்புற சின்ன புரோகிராம் ஒண்ணு, எழுதினது நான் இல்ல ஆனா பாத்துக்கிறது நான்தான், ரெண்டு வருஷமா சத்தமில்லாம ஓடிட்டு இருந்துச்சு. ஒரு நாள் கிளையன்ட் கிட்ட இருந்து மெயில்ல ஒரு கிராஃப் வருது, தரையோட தரையா போயிட்டு இருந்த கோடு ஒரு தேதிக்கு அப்புறம் பனைமரம் மாதிரி நட்டமா நிக்குது. கருவிதான் கெட்டுப்போச்சுன்னு அவங்க சொல்றாங்க. லாக்கைத் தோண்டிப் பாத்தா ஒரு எரர்கூட இல்ல, ஒரு வார்னிங்கூட இல்ல, எல்லாம் சுபம்.

அந்தத் தேதியில நடந்தது ஒண்ணே ஒண்ணுதான். கருவியோட இணைச்சிருந்த பழைய கம்ப்யூட்டரை மாத்தியிருக்காங்க, புதுசுல விண்டோஸ் ஜெர்மன் செட்டிங்ல இருந்துச்சு. ஜெர்மன்ல தசமத்துக்குப் புள்ளி கிடையாது, கமா. புள்ளி ஆயிரம் பிரிக்கத்தான். அதனால நம்ம 2.75ஐ புரோகிராம் "2,75"ன்னு ஃபைல்ல எழுதியிருக்கு, அது அந்த ஊர் வழக்கப்படி சரிதான். சர்வர் பக்கம் அதைப் படிக்கிறது வேற செட்டிங்ல, அங்க கமான்னா ஆயிரம் பிரிக்கிற குறி. ரெண்டு பக்கமும் ஓடுறது மைக்ரோசாஃப்ட்டோட டாட்நெட், அதுல எழுத்தை நம்பரா மாத்துற டபுள் பார்ஸ் கமாவுக்கு அப்புறம் சரியா மூணு இலக்கம் இருக்கான்னு எல்லாம் எண்ணிப் பாக்காது, கமாவை உருவிப் போட்டுட்டு மிச்சத்தை எடுத்துக்கும். ஆக 275. நியாயமான நம்பர், டேட்டாபேஸும் சந்தோஷமா வாங்கி வச்சுக்கிச்சு.

இதே "2,75"ஐ வேற புரோகிராமிங் மொழிகள்ல குடுத்துப் பாருங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல பார்ஸ்ஃப்ளோட் கமாவைக் கண்டதும் நின்னுடும், 2ன்னு திருப்பிக் குடுக்கும். பைதான்ல ஃப்ளோட் ஒத்துக்கவே ஒத்துக்காது, எரர் அடிச்சுடும். என்னைக் கேட்டா இந்த மூணுல பைதான் பண்றதுதான் மரியாதையான வேலை. கத்துற புரோகிராமை அன்னைக்கே சரி பண்ணிடலாம், சிரிச்ச முகமா தப்பா வாங்கிக்கிற புரோகிராமை எப்ப கண்டுபிடிப்போம்னே தெரியாது.

சரி, எழுதின ஆள் மேல தப்பான்னு கேட்டா அவர் எழுதினது நம்பரை எழுத்தா மாத்துற வெறும் டூஸ்ட்ரிங், அடைப்புக்குள்ள ஒண்ணும் இல்ல. நாம எல்லாரும் தினமும் அப்படித்தான் எழுதுறோம். டாட்நெட்டுக்கு எழுதுற சி ஷார்ப் மொழியில அடைப்பை காலியா விட்டா பொதுவான ஏதோ ஒரு வடிவம் வரும்னு நெனச்சுக்கிறோம், ஆனா காலியா விட்டதுக்கு அர்த்தம் "இது இப்ப ஓடுற மெஷின் எந்தக் கல்ச்சர்ல இருக்கோ அதுல எழுது"ங்கிறதுதான். கல்ச்சர்னா மொழி, நாடு சார்ந்த அந்த செட்டிங். ஸ்ட்ரிங்குக்குள்ள டாலர் குறி போட்டு வேரியபிளை நுழைக்கிறோமே, அதுவும் இதே கதைதான். அது டேட்டாபேஸுக்குப் போற எஸ்கியூஎல் வாக்கியமா இருந்தா 1.5ங்கிற ஒரு மதிப்பு "1,5"ன்னு ரெண்டு மதிப்பா பிரிஞ்சு நெடுவரிசை எண்ணிக்கை ஒத்துவரலன்னு சண்டைக்கு வரும். படம் வரையிற எஸ்விஜி பாதையா இருந்தா அங்க கமா ரெண்டு ஆயத்தொலைவைப் பிரிக்கிற குறிங்கிறதால படம் கோணலா வரைஞ்சு வரும், யாரோ டிசைனரைத் திட்டுவாங்க.

ஜாவாவுல இன்னும் வேடிக்கை. ஸ்ட்ரிங் ஃபார்மட் மெஷினோட லோக்கேலை, அதாவது கல்ச்சருக்கு அங்க இருக்கிற பேரு, பாத்து எழுதும், டபுள் பார்ஸ்டபுள் எந்த லோக்கேலையும் பாக்காம புள்ளியை மட்டும்தான் ஒத்துக்கும். அதாவது ஒரே புரோகிராம், தன் கையால எழுதினதைத் தானே படிக்க முடியாம விழும். ஆண்ட்ராய்டுல அரபு லோக்கேல் வச்சிருக்கிற ஃபோன்ல சாதாரண முழு எண்ணையே ஃபார்மட் பண்ணினா அரபு எழுத்து இலக்கமா வந்து அது யூஆர்எல்லுக்குள்ள போய் உக்காந்துக்கும். டாட்நெட் அப்படிப் பண்ணாது, எந்தக் கல்ச்சர் குடுத்தாலும் இலக்கம் மட்டும் 0 முதல் 9தான். ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமா முடிவெடுத்திருக்கு, ஒண்ணுல பழகின கையோட இன்னொண்ணுக்குப் போனா வழுக்கும்.

நான் டீம்ல புதுசா வர்றவங்க கிட்ட கேக்கச் சொல்றது ஒரே கேள்விதான்: இந்த எழுத்தை அடுத்து படிக்கப்போறது மனுஷனா, மெஷினா? மெஷின்னா எந்த நாட்டையும் சேராத, மாறாத இன்வேரியன்ட் கல்ச்சர், ஜாவான்னா லோக்கேல் ரூட், வாய்விட்டு எழுதணும். மனுஷன்னா அந்த மனுஷனோட கல்ச்சர், அதையும் வாய்விட்டு எழுதணும், ஏன்னா சர்வர்ல ஓடுற கோடுக்கு "இப்போதைய கல்ச்சர்"னா அது சர்வரோட கல்ச்சர், பிரவுசர் முன்னாடி உக்காந்திருக்கிறவரோடது இல்ல. ரெண்டுல எதுன்னு சொல்லாம விட்ட ஒவ்வொரு இடமும், முடிவை முன்பின் தெரியாத ஒரு கம்ப்யூட்டர் கையில விட்ட இடம். டாட்நெட்ல இதைப் பிடிக்கவே சிஏ1305னு புரோகிராமைச் சோதிக்கிற ஒரு அனலைசர் விதி இருக்கு, அதை எரரா மாத்தி வச்சுக்கிட்டா காலி அடைப்போட பில்டே ஆகாது. முதல் நாள் நூத்துக்கணக்குல வார்னிங் வரும், டீம்ல எல்லாரும் உங்களை முறைப்பாங்க, பரவாயில்ல.

இன்வேரியன்ட் போட்டுட்டோம் இனி கவலையில்லன்னும் இருக்க முடியாது. அதோட "N"ங்கிற ஃபார்மட் குறியைச் சேத்துப் போட்டா 1,234.50ன்னு ஆயிரத்துக்குக் கமாவோட எழுதும். கமா பிரிச்ச சிஎஸ்வி ஃபைல்ல அது போனா வரிசையே புட்டுக்கும். சேமிக்கிற நம்பர்ல ஆயிரம் பிரிக்கிற குறியே கூடாது, அது கண்ணுக்காக வந்த அலங்காரம். எக்செல்லும் ஜெர்மன் செட்டிங்ல சிஎஸ்வியைக் கமாவால பிரிக்காது, அரைப்புள்ளியாலதான் பிரிக்கும், கமா ஏற்கனவே தசமத்துக்குப் போயிடுச்சே.

மனுஷன் படிக்கிற பக்கம் வந்தா விஷயம் ரசமா இருக்கும். எடை அளவுகளுக்கான பொது மாநாடு 2003ல சொன்னது என்னன்னா தசமத்துக்குப் புள்ளியும் சரி கமாவும் சரி, ஆனா ஆயிரம் பிரிக்க ரெண்டையுமே போடாதீங்க, வேணும்னா இடைவெளி விடுங்க. யாரு கேட்டா? சுவிட்சர்லாந்துல மேற்கோள் குறி மாதிரி ஒண்ணு போடுறாங்க. இந்திய வழக்குல மூணு, ரெண்டு, ரெண்டுன்னு பிரியும், 12,34,567. இதைத் தெரியாம மூணு மூணா வெட்டுற ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்துல வடிவம் தேடுற சூத்திரம்) எங்கிருந்தோ காப்பி பண்ணி வச்சிருக்கிற புராஜெக்ட் எத்தனை பாத்திருக்கேன்னு சொல்ல முடியாது. ஜாவாஸ்கிரிப்ட்ல டூலோக்கேல்ஸ்ட்ரிங்கு தமிழ் இந்தியா லோக்கேலைக் குடுத்தா தானாவே சரியா வரும், ஒரு வரி வேலை.

பிரெஞ்சுக்காரங்க இடைவெளிதான் விடுறாங்க, ஆனா அது நாம ஸ்பேஸ்பார் தட்டினா வர்ற இடைவெளி இல்ல. வரி அங்க உடைஞ்சிடக் கூடாதுன்னு இருக்கிற தனி யூனிகோட் எழுத்து. அதுலயும் முன்னாடி இருந்தது ஒண்ணு, 2018ல வந்த சிஎல்டிஆர் 34ல, அது எல்லா ஊர் வழக்கையும் தொகுத்து வச்சிருக்கிற யூனிகோட் தொகுப்பு, அதை இன்னும் ஒல்லியான இன்னொரு எழுத்தா மாத்திட்டாங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், டெஸ்ட்ல ஒப்பிட்டா சமம் இல்ல. "எதிர்பார்த்தது 1 234, வந்தது 1 234, ஃபெயில்"னு திரையில பாத்துட்டு கண்ணாடியைத் தொடச்சவங்கள்ல நானும் ஒருத்தன். சுவீடிஷ்ல மைனஸ் குறியே கீபோர்டுல இருக்கிற சின்ன கோடு இல்ல, கணிதக் கழித்தல் குறின்னு வேற எழுத்து. இதெல்லாம் யாரோ ஒருத்தர் நம்ம கோடுல கை வச்சு வர்ற மாற்றம் இல்ல. டாட்நெட் 5 வந்தப்ப, 2020ல, விண்டோஸ்லயும் கல்ச்சர் தகவலை அந்தத் தொகுப்பைப் பயன்படுத்துற ஐசியு நூலகத்துல இருந்து எடுக்க ஆரம்பிச்சாங்க. வெர்ஷனை மட்டும் ஏத்தினவங்களுக்கு வெளிவர்ற எழுத்து மாறிப்போச்சு. அதனால மனுஷனுக்காக ஃபார்மட் பண்ணின எழுத்தை எங்கயும் சேமிச்சு வச்சு அப்புறம் திரும்பப் படிக்கலாம்னு நினைக்கவே வேண்டாம், காட்டினதோட அது ஆயுசு முடிஞ்சுது.

பணத்துக்கு "C"ங்கிற ஃபார்மட் குறி போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை தனியா. அது தசமக் குறியை மட்டும் மாத்தாது, நாணயக் குறியையே மாத்தும். 1500 ரூபாய்னு வச்சிருந்ததை ஜெர்மன் கல்ச்சர்ல காட்டினா 1500 யூரோ ஆயிடும், அதே 1500. எந்த நாணயம்ங்கிறது டேட்டாவைச் சேர்ந்தது, எப்படிக் காட்டுறதுங்கிறது மட்டும்தான் கல்ச்சரைச் சேர்ந்தது.

உள்ள வர்ற எழுத்தும் அப்படித்தான். ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல இலக்கம்னு சொல்ற "\d" இருக்கே, டாட்நெட்ல அது யூனிகோட்ல இருக்கிற எல்லா மொழி இலக்கத்தையும் ஒத்துக்கும். யாராவது ௧௨௩ன்னு தமிழ் எண்ணுல அடிச்சா வேலிடேஷன் தாண்டி உள்ள போய், அடுத்த வரியில இன்ட் பார்ஸ்ல விழும். பைதான்ல ரெகுலர் எக்ஸ்பிரஷனும் ஒத்துக்கும், இன்ட்டும் 123ன்னு சரியா படிச்சுடும். தமிழ் எண்ணைப் புரிஞ்சுக்கிற மொழின்னு எனக்கு அதுல ஒரு தனிப் பாசம், வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

இப்பல்லாம் நாங்க எல்லா டெஸ்டையும் ரெண்டாவது தடவை கல்ச்சரை ஜெர்மனா மாத்தி வச்சு ஓட்டுறோம், சில புராஜெக்ட்ல சுவீடிஷும். முதல் தடவை ஓட்டினப்ப பதினோரு இடம் விழுந்துச்சு, அதுல நாலு நான் எழுதினது.

அந்த கிராஃப் விஷயத்துல புரோகிராமைத் திருத்த பத்து நிமிஷம்கூட ஆகல. டேட்டாவைத் திருத்தத்தான் உயிர் போச்சு. எல்லாத்தையும் நூறால வகுத்துடலாமேன்னு மேனேஜர் கேட்டார், நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஆனா டூஸ்ட்ரிங் கடைசி பூஜ்ஜியத்தை எழுதாது, 2.70 "2,7"ன்னு போய் 27 ஆயிருக்கு, 2.753 போய் 2753 ஆயிருக்கு, சரியா 3ன்னு வந்த ரீடிங் மட்டும் 3ஆவே சரியா இருக்கு. ஒரு 27ஐப் பாத்து அது 2.7ஆ, 0.27ஆ, நிஜமாவே 27ஆன்னு டேட்டாபேஸை வச்சு மட்டும் சொல்ல முடியாது. நல்லவேளையா அந்தக் கம்ப்யூட்டர்ல மூல ஃபைல்கள் கமாவோட அப்படியே கிடந்துச்சு, அதை ஜெர்மன் கல்ச்சர்ல மறுபடி படிச்சு ஏத்தினோம். முப்பது நாளுக்கு மேல பழைய ஃபைலை அழிக்கிற ஸ்கிரிப்ட் ஒண்ணு அங்க ஓடிட்டு இருந்ததால முதல் ஆறு நாள் ரீடிங் மட்டும் கிடைக்கல, அந்த ஆறு நாள் கிராஃப்ல இன்னைக்கும் காலியாத்தான் இருக்கு.