வானம் தெளிந்திருக்க, படகு ஏன் நின்றது?

முதுகுப்பையுடன் தீவு தீவாகச் செல்லத் திட்டமிட்டவர் ஒருவர், காலை ஏழு மணிக்குப் படகுத்துறைக்கு வந்து நிற்கிறார். வானத்தில் மேகமில்லை, காற்று சட்டைக் காலரைக்கூட அசைக்கவில்லை. ஆனால் மறு அறிவிப்பு வரும்வரை படகுகள் செல்லா என்று பலகையில் எழுதியிருக்கிறது. புயலோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அவருக்கு எரிச்சல் வருவது இயல்புதான். ஆனாலும் கோபத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, கையிலுள்ள கடிகாரத்தைப் பார்த்தபடி துறையின் தூணில் மோதும் அலைகளை எண்ணினால் காரணம் அங்கேயே கிடைக்கும்.

உள்ளூர்க் காற்று எழுப்பும் சாதாரண அலைகள் ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை வரும். தொலைவிலுள்ள புயலின் அலைகளோ பன்னிரண்டு, பதினைந்து நொடி இடைவெளியில், பார்வைக்கு நிதானமாக வரும். அந்த நிதானம் கண்ணை ஏமாற்றுவது. ஆழ்கடலில் இடைவெளி நீண்ட அலைகளே வேகமாகப் பயணிக்கின்றன. பதினைந்து நொடி அலைக்கூட்டத்தின் ஆற்றல் மணிக்குச் சுமார் 42 கி.மீ. வேகத்தில், அதாவது ஒரே நாளில் ஏறத்தாழ 1,000 கி.மீ. தூரம் நகர்ந்துவிடும். வெப்பமண்டலப் புயலோ பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 25 கி.மீ. வேகத்தில்தான் நகர்கிறது. ஆகவே புயலுக்கு முன்பே அதன் அலைகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஆழ்கடலில் மெல்ல ஏறி இறங்கும் இந்த அலை, ஆழம் குறைந்த துறைமுக வாயிலில் நிமிர்ந்து எழுகிறது. கட்டியிருக்கும் படகு ஓர் ஆள் உயரத்திற்கு ஏறி இறங்கத் தொடங்கினால், படகுக்கும் துறைக்கும் இடையே வைக்கும் ஒரு காலடி போதும், ஆபத்து நேர. படகை நிறுத்தியவர்கள் வானத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை, தண்ணீரைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள்.

சரி, புயல் எப்போது, எங்கே வரும்? கடல்மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் வெதுவெதுப்பாக இருக்கும் பகுதிகளில், ஆவியாகி மேலெழும் ஈரம் குளிர்ந்து மேகமாகும்போது வெளிவிடும் வெப்பமே புயலின் எரிபொருள். அதைச் சுழலவைப்பது பூமியின் சுழற்சி. நிலநடுக்கோட்டில் அந்த விளைவு இல்லாததால், இருபுறமும் ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாவது மிக அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே ஏறத்தாழ 1.5 டிகிரி வடக்கில் உருவான வாமெய் ஒரு வியப்பான விதிவிலக்கு. உருவான புயல் பெருமளவு தன் விருப்பப்படி நகர்வதில்லை. பல கிலோமீட்டர் உயரம் வரை விரிந்த காற்றோட்டம், ஆற்று நீர் இலையை இழுத்துச் செல்வதுபோல அதை இழுத்துச் செல்கிறது. அந்த ஓட்டம் தளர்ந்தால் புயல் ஒரே இடத்தில் தங்கிவிடும். 2017-இல் டெக்சாசில் தங்கிய ஹார்வி, ஓரிடத்தில் 1,500 மி.மீ.க்கும் மேல் மழை கொட்டியதற்கு அந்தத் தயக்கமே முக்கியக் காரணம்.

பயணத் திட்டத்தை மாற்ற நினைப்பவர் முதலில் தேடுவது, முன்னே செல்லச் செல்ல அகலும் கூம்பு வடிவப் பாதை வரைபடத்தை. இதைப் போலத் தவறாகப் படிக்கப்படும் படம் வேறொன்று இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. கூம்பின் அகலம் புயலின் பருமன் அன்று. அமெரிக்கத் தேசிய சூறாவளி மையம் வரையும் கூம்பு, கடந்த ஐந்து ஆண்டுகளின் கணிப்புப் பிழைகளிலிருந்து பெறப்பட்டது, அதுவும் புயலின் மையத்திற்கு மட்டுமே. மையம் கூம்புக்குள் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு. அப்படியானால் மூன்றில் ஒரு முறை அது வெளியே போகலாம். மையம் உள்ளேயே இருந்தாலும், பலத்த காற்றும் மழையும் அதிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விழக்கூடும். ஐந்து நாளுக்கு முந்தைய கணிப்பில் மையத்தின் சராசரிப் பிழை 300 கி.மீ. அளவில் இருப்பதால், கூம்பின் நடுக்கோட்டைப் பார்த்துப் பக்கத்துத் தீவுக்கு இடம் மாறுவது பாதுகாப்புத் தராது. அவ்வளவு முன்பே புறப்படுவதாயின் கூம்பை விட்டுத் தெளிவாக விலகும் திசையில் புறப்பட வேண்டும்.

பாதையை விடக் கடினமானது வலிமையைக் கணிப்பது. 2023 அக்டோபரில் ஓடிஸ் என்ற புயல், காற்றின் வேகம் ஒரு நாளுக்குள் மணிக்கு 150 கி.மீ.க்கும் மேல் கூடி, உச்ச வகையான ஐந்தாம் வகைச் சூறாவளியாக மெக்சிகோவின் அகாபுல்கோ அருகே கரையைக் கடந்தது. முந்தைய நாள் வரை கணிப்புகள் இதைக் காட்டவில்லை. வெதுவெதுப்பான நீரின் மேல், மேலடுக்குக் காற்று குறுக்கிடாத நிலையில் சிறிய புயல் எவ்வளவு விரைவில் உக்கிரமாகலாம் என்பதை அந்நகரம் ஒரே இரவில் கண்டது.

மலைப்பாதையில் நடக்கத் திட்டமிட்டவருக்கு நான் சொல்ல விரும்புவது வேறொன்று: வகை எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அந்த எண் காற்றை மட்டுமே அளக்கிறது, மழையை அன்று. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி உயரத் தள்ளப்படும்போது, அதன் நீரில் பெரும்பங்கு அதே சரிவில் பிழியப்படுகிறது. 24 மணி நேர மழைக்கான உலகச் சாதனை, இந்தியப் பெருங்கடலில் உள்ள மலைத்தீவான ரீயூனியனின் ஃபோக்-ஃபோக்கில், 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது பதிவான 1,825 மி.மீ. 2009 ஆகஸ்டில் தைவானைத் தாக்கிய மொராகோட், காற்றளவில் அசாதாரணமானதன்று. ஆனால் அலிசான் மலையில் சில நாள்களில் மொத்தம் 2,700 மி.மீ.க்கும் மேல் மழை பெய்து, பயணிகள் விரும்பிச் செல்லும் அலிசான் வன இரயில்பாதை துண்டிக்கப்பட்டது. முழுப் பாதையிலும் மீண்டும் இரயில் ஓட 2024 ஜூலை வரை ஆயிற்று. மழை நின்றதும் பாதை பாதுகாப்பாகிவிடுவதுமில்லை. மண் துகள்களுக்கிடையே புகுந்த நீரின் அழுத்தம், துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் உரசலைத் தளர்த்துகிறது; அந்த நீர் வடியாத வரை, வெயிலடிக்கும் நாளிலும் சரிவு வழுக்கி இறங்கலாம்.

படகுத்துறையில் காத்திருப்பவருக்கோ நல்ல அறிகுறி ஒன்று உண்டு. தொலைவிலிருந்து வரும் அலைகளில் நீண்ட இடைவெளியுள்ளவை முதலில் வந்து சேர்கின்றன. பின்தங்கியவை, மெதுவான குறுகிய அலைகள். எனவே புயல் அவர் பக்கம் திரும்பாமல் தொலைவிலேயே விலகிப்போனால், பதினைந்து நொடியாக இருந்த இடைவெளி அடுத்த நாள் பன்னிரண்டாகவும், அதற்கடுத்து ஒன்பதாகவும் குறைந்து, அலையின் உயரமும் தணியும். அன்று படகின் விளிம்பு துறையின் தூணில் ஒரே கோட்டருகே நிற்கும். படகோட்டி கயிற்றை அவிழ்ப்பார்.