குட்டியானையில் பிளக் பாயின்ட் வைக்கலாமா? சட்டம் சொல்வது இதுதான்

குட்டியானை என்று நாம் சொல்லும் சின்ன லோடு வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு பிளக் பாயின்ட் இருந்தால் எவ்வளவோ வேலை நடக்கும். வேலை நடக்கும் இடத்திலேயே டிரில்லிங் மெஷின் ஓட்டலாம், ஜூஸ் கடை போடலாம், மைக் செட்டுக்குக் கரண்ட் எடுக்கலாம். பட்டறையில் கேட்டால் அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்பார்கள். பக்கத்தில் நிற்பவர், "ஆர்டிஓ பார்த்தா அஞ்சாயிரம் போயிடும்" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எது எங்கே பொருந்தும் என்று தெரியாததால்தான் பலர் பயந்துகொண்டே வண்டி ஓட்டுகிறார்கள். தெரிந்துகொண்டால் அந்தப் பயம் தேவையில்லை.

இதற்கான சட்டம் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்கள், கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறிப்போகும்படி வண்டியை யாரும் மாற்றக் கூடாது என்கிறது அது. ‘மாற்றம்’ என்றால் என்ன என்பதற்கும் அங்கேயே விளக்கம் இருக்கிறது: வண்டியின் கட்டமைப்பில் செய்யும் ஒரு வேலையால் அதன் அடிப்படைத் தன்மையே மாறினால், அதுதான் மாற்றம்.

இந்த விளக்கத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பாடியின் உள்சுவரில் ஒரு பெட்டியை நட்டு போல்ட்டில் மாட்டி, பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, இன்வெர்ட்டர் வழியாகப் பிளக் கொடுத்தால், ஆர்.சி.யில் எந்த வரி பொய்யாகிறது? பாடி வகை அதேதான். இருக்கை எண்ணிக்கை அதேதான். எரிபொருள், வீல்பேஸ் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆகவே பிளக் பாயின்ட் மட்டும் வைப்பது 52-வது பிரிவு தடுக்கும் மாற்றம் ஆகாது என்றே நான் படிக்கிறேன். ஆனால் பக்கவாட்டுத் தகட்டை வெட்டி கவுண்டர் பலகை போட்டாலோ, திறந்த பாடிக்குக் கூரையும் கதவும் வைத்தாலோ கதை வேறு. அது பாடி வகையையே மாற்றும் வேலை. அனுமதி இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

இடையில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை: எடை. ஆர்.சி.யில் லோடு இல்லாத வண்டியின் எடை எழுதியிருக்கும். வண்டி வேலை செய்யும்போது வழக்கமாக அதோடு இருக்கும் எல்லாக் கருவிகளும் சேர்ந்ததுதான் அந்த எடை என்று சட்டத்தின் 2-வது பிரிவு சொல்கிறது. டிரைவரும் உதவியாளரும் மட்டும் கணக்கில் வரமாட்டார்கள். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்றே 50 கிலோவுக்கு மேல். இரண்டு பேட்டரி, இன்வெர்ட்டர், இரும்பு ஸ்டாண்டு என்று நிரந்தரமாக மாட்டினால் 150 கிலோ வந்துவிடும். முக்கால் டன் ஏற்றும் குட்டியானைக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. ஆர்.சி.யில் உள்ள எடை அப்போது உண்மையான எடையாக இருக்காது. அதை மறந்து பழைய அளவுக்கே லோடு ஏற்றினால் ஓவர்லோடு வழக்கும் வரலாம். 194-வது பிரிவில் அதற்கு 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அபராதம்.

அதனால் கழற்றி எடுக்கக்கூடிய ஏற்பாட்டையே நான் முதலில் சொல்வேன். சின்ன ஜெனரேட்டரோ, கையில் தூக்கும் பவர் ஸ்டேஷனோ பின்னால் ஏற்றிப் பெல்ட் போட்டுக் கட்டினால் அது லோடு, அவ்வளவுதான். வண்டியில் எதுவும் மாறவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: மூடிய பாடிக்குள் ஜெனரேட்டரை ஓட விடாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

"அஞ்சாயிரம்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது 182ஏ என்ற புதிய பிரிவு வந்தது. அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும் என்று அதன் 4-வது உட்பிரிவு சொல்கிறது. ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். கூரை ஒன்று, கவுண்டர் ஒன்று என்று தனித்தனியாக எண்ணலாம். வெளியிலிருந்து வாங்கி மாட்டும் உதிரி பாகங்களையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதே ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி, கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உறுதியாகச் சொன்னது. மாநில விதியைக் காட்டித் தப்பிக்க முடியாது என்பது அதன் பொருள்.

சரி, நீங்கள் செய்ய நினைப்பது பாடியையோ எடையையோ தொடும் வேலை என்றால் என்ன செய்வது? வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள். என்ன மாட்டப்போகிறோம், எங்கே, எவ்வளவு எடை என்று ஒரு பக்கத்தில் எழுதி, கையால் வரைந்த படமாவது வைத்துக் கொடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துச் சொல்வதுதான் அங்கே செல்லும். வாய்வார்த்தையாக "பரவாயில்லை" என்றால் போதாது, எழுத்தில் கேளுங்கள். முன் அனுமதி இல்லாமல் ஏற்கெனவே மாற்றம் செய்துவிட்டவர்களுக்கும் 52-வது பிரிவில் ஒரு கடமை இருக்கிறது: செய்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யையும் கட்டணத்தையும் கொடுத்து, மாற்றத்தைப் பதிய வைக்க வேண்டும். தடை செய்யப்பட்ட மாற்றத்தை இது சரியாக்கிவிடாது. ஆனாலும் தாமாக முன்வந்து சொன்னவரும் ரோட்டில் பிடிபட்டவரும் ஒன்றல்ல.

வண்டி ட்யூவில் இருந்தால் இன்னொரு படி இருக்கிறது. ஹயர் பர்ச்சேஸ் (தவணை கட்டி வாங்கும்) ஒப்பந்தத்தில் உள்ள வண்டியில், பதிவு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் மாற்றம் செய்யக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. சாதாரணக் கடனாக இருந்தாலும் பைனான்ஸ் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கி வைப்பது நல்லது.

எஃப்.சி.யை, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றை, நினைத்துத்தான் பலரும் தயங்குகிறார்கள். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். வயர் தொங்குவது, டேப் சுற்றிய ஜாயின்ட், டீசல் குழாயை ஒட்டிப் போகும் கேபிள், இவையெல்லாம் ஆய்வாளர் கண்ணில் உடனே படும். ஹெட்லைட் வயரிலிருந்து கிளை எடுத்திருந்தால் அவர் கேள்வி கேட்கத்தான் செய்வார், அது நியாயமும்கூட.

இன்சூரன்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி விலையில் சேராத மின் சாதனங்களைப் பாலிசியில் தனியாகக் காட்டினால்தான் அவற்றுக்கு இழப்பீடு. பழைய கட்டண முறையில் அந்தச் சாதனங்களின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 20,000 ரூபாய் இன்வெர்ட்டர் செட்டுக்கு 800 ரூபாய். சொல்லாமல் மாட்டிய வயரிங்கில் தீப்பிடித்தால், முழு வண்டிக்கான இழப்பீடே தகராறில் மாட்டிக்கொள்ளலாம். 800 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் அந்த நிலைக்கு வராதீர்கள்.

அப்புறம், வயரிங். இதை வீட்டு எலக்ட்ரீஷியனிடம் மட்டும் விடாதீர்கள், பேட்டரி கரண்ட் வேறு கணக்கு. 750 வாட் மிக்ஸி வீட்டில் 3 ஆம்பியருக்குச் சற்று மேல்தான் இழுக்கும். அதையே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் பேட்டரி பக்கம் சுமார் 70 ஆம்பியர். வீட்டுக்குப் போடும் வயர் அதில் உருகிவிடும். 1,000 வாட் இன்வெர்ட்டருக்கு, தூரம் குறைவாக இருந்தால், 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் வேண்டும். பியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அது தள்ளிப்போனால், இடையில் கேபிள் உராய்ந்து பாடியைத் தொடும்போது தடுக்க எதுவும் இல்லை. வண்டியின் சொந்த பேட்டரியையே நம்பினால், இன்ஜினை அணைத்த நிலையில் மிக்ஸி அரை மணி நேரம்கூட ஓடுவது சந்தேகம். பிறகு செல்ஃப் எடுக்காது. தனி பேட்டரி வைப்பதுதான் வழி.

ஷாக் விஷயத்தில் ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது: ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) மாட்டிவிட்டால் போதும் என்று. சிறிய இன்வெர்ட்டர்கள் பலவற்றில் வெளிவரும் இரண்டு முனைகளும் பாடியோடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் கசிவு ஏற்பட்டாலும் கரண்ட் திரும்பிப் போக வழி இல்லை, ஆர்சிசிபி விழாமலே இருக்கலாம். நியூட்ரலை ஓர் இடத்தில் சேஸிஸோடு இணைத்தால்தான் அது வேலை செய்யும். ஆனால் சில இன்வெர்ட்டர்களில் அப்படி இணைத்தால் கருவியே எரிந்துவிடும். ஆகவே இன்வெர்ட்டரோடு வந்த கையேட்டில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டச் சொல்ல வேண்டும். மழை படும் இடத்தில் மூடி வைத்த பிளக் பாயின்ட்தான் வேண்டும்.

கடைசியாக, பேட்டரியே இல்லாமல், நிறுத்தும் இடத்தில் ஒரு வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு வண்டியின் பிளக்குகளுக்குக் கரண்ட் கொடுப்பவர்கள். இரண்டு கோர் வயரில் எடுக்காதீர்கள். வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது, அதற்குத் தனியாக எர்த் கிடையாது. பேஸ் வயர் பாடியைத் தொட்டால், தரையில் நின்று வண்டியைப் பிடிப்பவர் உடம்பு வழியாகத்தான் கரண்ட் இறங்கும். மூன்று கோர் வயரில், எர்த்தைப் பாடியோடு சேர்த்து எடுங்கள். இன்னொன்றும் உண்டு. வீட்டு இணைப்பு வீட்டு உபயோகத்துக்கு. அதில் கடை நடத்தினால், 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-வது பிரிவுப்படி அனுமதியற்ற பயன்பாடு. அதற்கு உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு விதிப்பார்கள். எப்போதிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், ஆய்வுக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்குப் போடுவார்கள். அந்த பில் வருவது வண்டிக்காரருக்கு அல்ல, உதவிக்கென்று கரண்ட் கொடுத்த வீட்டுக்காரருக்கு.