சீரற்ற சோதனை அல்ல, குலுக்கல் சோதனை

ஆங்கிலத்தில் 'ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு டிரையல்' என்று ஒரு தொடர் இருக்கிறது. சுருக்கமாக ஆர்.சி.டி. கொரோனா தடுப்பூசி வந்த சமயத்தில் மருத்துவச் செய்திகளில் அடிக்கடி அடிபட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால், 2019இல், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் பொருளாதார நோபல் கிடைத்தபோது பொருளாதாரப் பக்கங்களிலும் எட்டிப் பார்த்தது. உலக வறுமையைக் குறைக்கும் வழிகளை இந்தச் சோதனை முறையில் ஆராய்ந்ததற்காகத்தான் அந்தப் பரிசு.

தமிழில் இதை 'சீரற்ற கட்டுப்படுத்தப்பட்ட சோதனை' என்று எழுதிவிடுகிறார்கள். விஷயம் தெரியாமல் படிப்பவருக்கு என்ன தோன்றும்? ஒழுங்கு கெட்ட ஏதோ ஒரு சோதனை. அதையும் யாரோ பிடித்துக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு சொல்லும் உள்ளதற்கு நேர் எதிரான பொருளைத் தருகின்றன.

முதலில் அந்தச் சோதனை என்னவென்று பார்த்துவிடலாம். ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்துக் கிராமங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வருவோர் மிகக் குறைவு. ஊசி இலவசம்தான், ஆனால் சுகாதார நிலையம் பல நாள் பூட்டிக் கிடக்கும். டூஃப்ளோவும் பானர்ஜியும் அவர்களோடு வேலை செய்தவர்களும் 134 கிராமங்களை எடுத்துக்கொண்டு குலுக்கல் போட்டு மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் மாதம் தவறாமல் தடுப்பூசி முகாம். இன்னொன்றில் முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள். மீதிக் கிராமங்கள் இருந்தபடியே இருந்தன. முடிவில், முழுத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் மூன்றாவது பிரிவில் 6 சதவீதம், முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18, பருப்பும் கொடுத்த ஊர்களில் 39. பருப்புக்குச் செலவு செய்தும், முழுத் தடுப்பூசி போட்ட ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் செவிலியருக்குச் சம்பளம் ஒன்றுதானே.

பருப்பு கொடுத்தால் ஜனம் வரும் என்பதை ஊர்க்காரர் யாரும் சொல்வார், இதற்கு நோபலா என்று கேட்கலாம். எவ்வளவு வரும், முகாமினால் எவ்வளவு, பருப்பினால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதைப் பிரித்துக் காட்டியது அந்தக் குலுக்கல்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ரேண்டம்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 'ராந்தோன்' என்றால் தலைதெறிக்க ஓடுவது, கண்மண் தெரியாமல் பாய்வது. ஆங்கிலத்திலும் முதலில் அந்தப் பொருள்தான் இருந்தது; பிறகு குறி பார்க்காமல் செய்வதையெல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். புள்ளியியலார் இதைக் கையில் எடுத்தபோது பொருள் தலைகீழானது. எந்த மனிதரின் விருப்பமும் நுழைய முடியாதபடி, விதி வகுத்து, சீட்டு எடுத்துத் தேர்வு செய்வதே அவர்கள் சொன்ன ரேண்டம். இதைச் சோதனை முறையாக்கியவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் 1919இல் சேர்ந்தவர். எந்த உரம் நல்லது என்று பார்க்கப் போனால், ஒரே வயலிலும் ஒரு மூலை வளமாக இருக்கும், இன்னொரு மூலை களராக இருக்கும். தன் உரத்தின் மேல் நம்பிக்கை உள்ளவன் கை அவனை அறியாமலே நல்ல மூலைக்குப் போகும். ஆகவே எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும் என்றார் ஃபிஷர்.

இதைச் 'சீரற்ற' என்பது கொடுமை. 'குருட்டாம்போக்கு', 'ஏனோதானோ' எல்லாம் பழைய ராந்தோனுக்குச் சரியாக இருக்கும், ஃபிஷரின் ரேண்டத்துக்கு ஒட்டாது. இலங்கைத் தமிழில் இந்த வேறுபாடு அழகாகவே இருக்கிறது: திட்டமில்லாமல் மனம்போன போக்கில் செய்வது 'எழுந்தமானம்', கணக்குப் பாடத்தில் வருவது 'எழுமாறு'. 'எழுமாறாகத் தெரிவுசெய்யப்பட்ட' என்ற தொடரை அங்கே பரீட்சை எழுதிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'சமவாய்ப்பு' என்கின்றன. சமவாய்ப்பு மாறி, சமவாய்ப்புச் சோதனை. நல்ல சொல்தான், ஆனால் இரண்டு சங்கடம். ஒன்று, வேலைவாய்ப்பு விளம்பரத்திலும் சமூகநீதிப் பேச்சிலும் வருகிற 'சம வாய்ப்பு' காதில் விழுந்து குழப்பும். இரண்டு, ரேண்டம் என்றால் எல்லோருக்கும் சம வாய்ப்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஊர்களுக்குத் திட்டம் போக வேண்டும் என்று வைத்தும் சீட்டு எடுக்கலாம்.

நமக்கு இதில் பழக்கம் புதிதல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க, குடும்பு என்ற முப்பது பிரிவுகளிலிருந்தும் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கிறது அந்த ஏற்பாடு. அவன் தருகிற ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடலாம் அல்லவா? அந்தக் குடத்தில் யார் பெயர் போகலாம் என்பதற்கு நிலம், வீடு, வயது, கல்வி என்று ஆயிரம் நிபந்தனை. பிராமணர் ஊர்ச்சபை அது, மற்றவருக்கு இடமில்லை. ஆனால் பெயர்கள் உள்ளே போன பிறகு யார் கையும் வேலை செய்யக்கூடாது என்பதில் அவர்கள் காட்டிய கண்டிப்பு ஃபிஷருக்குப் பிடித்திருக்கும்.

கோவிலில் போடுகிற திருவுளச்சீட்டும் வெளிப்பார்வைக்கு இதேதான். அங்கே சீட்டில் வருவது கடவுளின் விருப்பம் என்று கொள்கிறோம். புள்ளியியலில் யாருடைய விருப்பமும் இல்லை என்பதே பொருள். அதனால் அந்தச் சொல்லை இங்கே எடுத்து வர முடியாது. மிச்சம் இருப்பது 'குலுக்கல்'. தேர்தலில் இருவர் சமமாக வாக்கு வாங்கினால் குலுக்கல். கட்டாயக் கல்விச் சட்டத்தில் இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். பாரபட்சம் பார்க்காமல் செய்தது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, விளக்கவே வேண்டாம்.

அடுத்தது 'கன்ட்ரோல்'. இதன் கதை இன்னும் சுவாரசியம். இடைக்கால லத்தீனில் 'கொன்ட்ரா ரோட்டுலுஸ்', அதாவது எதிர்ச்சுருள். ஒருவர் எழுதிய வரவு செலவுச் சுருளுக்கு எதிரே இன்னொருவர் ஒரு நகல் சுருள் வைத்திருப்பார். இரண்டையும் ஒத்துப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். சரிபார்ப்பதுதான் முதல் பொருள். அதிகாரம், கட்டுப்பாடு எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. ஆய்வில் வரும் 'கன்ட்ரோல் குரூப்' அந்தப் பழைய பொருளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. உதய்ப்பூரின் மூன்றாவது பிரிவுக் கிராமங்களை யாரும் கட்டுப்படுத்தவில்லை. அவை ஒத்துப் பார்ப்பதற்கான எதிர்க்கணக்கு. 'கட்டுப்பாட்டுக் குழு' என்று எழுதினால் ஏதோ கண்காணிப்புக் கமிட்டி போலத்தான் ஒலிக்கிறது. 'ஒப்பீட்டுக் குழு' என்றால் தீர்ந்தது.

ஒப்பீடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நிர்வாகத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஒரு மாவட்டத்தில் வெள்ளோட்டம் விடுவார்கள், ஓராண்டில் நிலைமை மேம்பட்டது என்று அறிக்கை வரும், அப்புறம் மாநிலம் முழுக்க விரிவாக்கம். திட்டம் இல்லாமலே அந்த ஓராண்டில் எவ்வளவு மேம்பட்டிருக்கும்? யாருக்கும் தெரியாது. வெள்ளோட்டம் அருமையான சொல். புதுத் தேரை ஓட்டிப் பார்ப்பது. தேர் ஓடுகிறதா என்பதை அது சொல்லும், தேரினால்தான் மழை வந்ததா என்பதைச் சொல்லாது. ஆர்.சி.டி.யை 'வெள்ளோட்டம்' என்று பெயர்க்கிறவர்களும் உண்டு. வேண்டாம், அது 'பைலட்' என்பதற்கு இருக்கட்டும்.

மருத்துவத்துக்குள் இந்த முறை நுழைந்ததே ஒரு தட்டுப்பாட்டினால்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கொஞ்சமே இருந்தது. எல்லாக் காசநோயாளிகளுக்கும் கொடுக்க வழியில்லை. புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் ஒட்டிய உறைகளுக்குள் சீட்டை வைத்து யாருக்கு மருந்து என்பதை முடிவு செய்ய வைத்தார். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948இல் முடிவு வெளியானது.

அதற்கடுத்த அத்தியாயம் சென்னையில் நடந்தது, நம்மில் பலருக்குத் தெரியாது. காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு வேண்டும் என்று உலகமே நம்பிய காலம். இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ மிகக் குறைவு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச்சிகிச்சை மையம், நகரின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் வீட்டில். மருந்து இருவருக்கும் ஒன்றே, ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம், இடம் நெருக்கடி, ஓய்வும் போதாது. இருந்தும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1959இல் இந்த முடிவு வெளிவந்த பின் உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. மருத்துவ ஆய்வு என்று பேர். கேட்ட கேள்வி பொருளாதாரக் கேள்வி. இருக்கிற பணத்தைப் படுக்கையில் போடுவதா, மருந்தில் போடுவதா?

பொருளாதாரத்தில் 1990களிலிருந்துதான் இது பரவியது. மெக்சிகோ அரசு 1997இல் ஏழைக் குடும்பங்களுக்குப் பண உதவித் திட்டம் தொடங்கியபோது, முதலில் எந்த ஊர், பிறகு எந்த ஊர் என்பதைக் குலுக்கலுக்கு விட்டது. 2003இல் எம்.ஐ.டி.யில் இதற்கென்றே ஜே-பால் என்ற ஆய்வு மையம் பிறந்தது. தமிழ்நாடு அரசும் அதனோடு 2014இல் கைகோத்தது. நம்மூர் அங்கன்வாடிகளிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட மூவர் செய்தது. 320 மையங்களில் குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்று அரைநேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. ஏற்கெனவே இருந்த பணியாளருக்கும் சத்துணவு, சுகாதார வேலைக்கு நேரம் கிடைத்தது. ஒன்றரை ஆண்டில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னேறியிருந்தார்கள், வளர்ச்சி குன்றியவர்களின் விகிதமும் குறைந்தது.

வணிகத்திலும் உண்டு. மும்பையை ஒட்டிய பெரிய நெசவாலைகளில் சிலவற்றுக்கு மட்டும் நிர்வாக ஆலோசகர்களை இலவசமாக அனுப்பிப் பார்த்தார்கள். எந்த நூல் கிடங்கில் எங்கே கிடக்கிறது என்ற கணக்கே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஆலைகள் அவை. அடுக்கி, பெயர் எழுதி, எந்திரம் பழுதானால் குறித்துவைக்கப் பழக்கினார்கள்; முதலாண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது.

எல்லாச் சோதனையும் நல்ல செய்தி தருவதில்லை. இந்த முறையின் மேல் எனக்கு மதிப்பு வருவதே அதனால்தான். சிறு தொகைகளாகத் தரும் நுண்கடன் ஏழைகளின் தலையெழுத்தை மாற்றும் என்று உலகம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, ஹைதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் குலுக்கலில் வந்த 52இல் மட்டும் ஒரு நிறுவனம் கடன் கொடுக்கத் தொடங்கியது. சிறு தொழில்களில் முதலீடு கொஞ்சம் கூடியது. வீட்டுச் செலவு, பிள்ளைகள் படிப்பு, உடல்நலம், பெண்களுக்கு வீட்டில் உள்ள சொல்வாக்கு ஆகியவற்றில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

எதிர்ப்பும் வலுவாகவே இருக்கிறது. 2015இல் பொருளாதார நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டன் இதன் முக்கிய விமர்சகர். உதய்ப்பூரில் பருப்பு பலித்தது என்றால் கென்யாவில் பலிக்குமா, எதனால் பலித்தது என்று தெரியாமல் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்கிறார். நியாயமான கேள்வி. மக்களைச் சோதனை எலி ஆக்குவதா என்ற இன்னொரு கேள்விக்கு, எல்லோருக்கும் கொடுக்கப் பணமில்லாத இடத்தில் சிபாரிசைவிடக் குலுக்கல் மேல் என்பது பதில். ஆனால் இருப்பதைப் பறித்துச் சோதிக்கிற இடத்தில் அந்தப் பதில் செல்லாது. வட்டி விகிதம், வரிக் கொள்கை போன்று நாடு முழுமைக்கும் ஒன்றே இருக்கக்கூடியவற்றைக் குலுக்கிப் பார்க்கவும் முடியாது.

ஆக, பத்திரிகைக்கும் பொதுவாசகருக்கும் 'குலுக்கல்முறை ஒப்பீட்டுச் சோதனை' என்று எழுதலாம். பாடநூலுக்குச் 'சமவாய்ப்பு ஒப்பீட்டுச் சோதனை'. இலங்கையில் எழுதுகிறவர்கள் 'எழுமாற்று' என்றே வைத்துக்கொள்ளட்டும், மாற்றத் தேவையில்லை. இன்னும் ஒன்று மீதி இருக்கிறது: 'ட்ரீட்மென்ட் குரூப்'. மருந்து ஆய்வில் 'சிகிச்சைக் குழு' சரி. ஒரு கிலோ பருப்பு வாங்கியவர்களையும் கடன் வாங்கியவர்களையும் அப்படி எழுதினால் சிரிப்புதான் வரும். 'திட்டம் பெற்ற குழு' என்று எழுதுங்கள்.