காற்றில் போன அசிட்டோன் திரும்பி வருமா?

பாம்பன் பக்கம் பைபர் படகுக்கு ஒட்டுப்போடும் இடத்தில் நின்றால் முதலில் ரெசின் வாடை மூக்கில் ஏறும். கூடவே லேசான இனிப்பு கலந்த இன்னொரு வாடையும் வரும். அது அசிட்டோன். பிரஷ்ஷையும் ரோலரையும் அதில்தான் அலசுவார்கள். டப்பாவைத் திறந்தே வைத்தால் இந்த வெயிலுக்கு மளமளவென்று குறையும். காசு கொடுத்து வாங்கியது காற்றில் போகிறது, வேலை செய்பவர் நெஞ்சுக்குள்ளும் போகிறது.

காற்றில் போனதைத் திரும்பப் பிடிக்கலாம். அதற்கான இயந்திரத்தின் அடிப்படை நம் ஐஸ் கம்பெனியிலேயே இருக்கிறது. கம்ப்ரஸர் அம்மோனியாவை அழுத்தும். சூடான வாயு கண்டென்சரில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகும். வால்வைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்து கொதிக்கும். கொதிக்கத் தேவையான வெப்பத்தைச் சுற்றியுள்ள உப்புத் தண்ணீரிலிருந்து இழுக்கும். உப்புத் தண்ணீருக்குப் பதிலாக ஆலையின் கழிவுக் காற்றை அந்தக் குழாய்கள்மேல் ஓட்டினால், ஐஸ் தண்ணீர் சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல அசிட்டோன் துளித்துளியாக வடியும். 30 டிகிரியில் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அசிட்டோன் ஆவி தங்க முடியும். மைனஸ் 20-இல் சுமார் 3 சதவீதம்தான்.

சரி, அப்படியே வைத்துவிடலாமா? முடியாது. காற்றில் 2.5 சதவீதம் அசிட்டோன் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அதனால் ஆலைகளில் காற்றை நிறைய விட்டு, ஆவியை அந்த 2.5 சதவீதத்தில் கால் பங்குக்குள் வைக்கப் பார்ப்பார்கள். அவ்வளவு நீர்த்த காற்றில் மைனஸ் 40-ஐத் தாண்டினால்தான் முதல் துளியே விழும். சாதாரண ஐஸ் கம்பெனிக் குளிர் அந்த ஆழத்துக்குப் போகாது. ஒரு குளிர்சுழற்சியின் மேல் இன்னொன்றை அடுக்க வேண்டும். மின்சாரம் எகிறும்.

ராமநாதபுரம் கடற்காற்றில் ஈரம் வேறு. அசிட்டோனுக்கு முன்பே தண்ணீர் உறைந்து குழாயை அடைத்துவிடும். எனவே பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே ஒருமுறை குளிர்வித்து, முடிந்த அளவு நீரை வடித்துவிடுவார்கள். மிஞ்சிய ஈரம் உறைவதால் குழாய்த் தொகுதி இரண்டு வேண்டும். ஒன்று வேலை செய்யும்போது மற்றது பனி உருகும்.

என் கணக்கில், நீர்த்த காற்றை நேரே குளிர்விப்பது வீண் செலவு. முதலில் செயலூட்டப்பட்ட கரியில் (activated carbon, நுண்துளைகள் நிறைந்த கரி) ஆவியைப் பிடித்துவைப்பதே சிக்கனம். அசிட்டோன் கரியில் ஒட்டும்போது சூடு கிளம்பும், சில சமயம் கரிப்படுகையே தீப்பிடிக்கும். அந்தக் கவனம் தேவை. கரி நிறைந்ததும் சூடான நைட்ரஜனை ஊதினால் ஆவி அடர்த்தியாக வெளியேறும், ஆக்சிஜன் இல்லாததால் பற்றாது. அப்புறம் மிதமான குளிரிலேயே பெரும்பகுதி வடிந்துவிடும். கம்ப்ரஸர் வெளியே தள்ளும் வெப்பத்தைக் கொண்டு அந்த நைட்ரஜனையே ஓரளவு சூடாக்கிக்கொள்ளலாம்.