ஜப்பானியரைச் சால்மன் சுஷி சாப்பிட வைத்த நார்வே

சுஷி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, ஒரு பிடி சோற்றின் மேல் படுத்திருக்கும் ஆரஞ்சு நிற மீன் துண்டுதான். அது சால்மன். காலங்காலமாக ஜப்பானியர் அப்படித்தான் சாப்பிட்டு வந்திருப்பார்கள் என்று தோன்றும். ஆனால் 1980களின் தொடக்கத்தில் டோக்கியோவில் ஒரு நல்ல சுஷிக் கடைக்குப் போய்ச் சால்மன் கேட்டிருந்தால், கடைக்காரர் முகம் சுளித்திருப்பார். அவர்களுக்குச் சால்மன் என்றால் உப்புப் போட்டு, நெருப்பில் வாட்டி, காலைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் மீன். அதைப் பச்சையாகச் சாப்பிடும் பழக்கத்தைக் கொண்டுவந்தது நார்வே அரசு. அதுவும் சும்மா நடந்ததல்ல, ‘புராஜெக்ட் ஜப்பான்’ என்று பெயர் வைத்து, அரசுப் பணம் போட்டு, வருடக்கணக்கில் செய்த வேலை.

ஜப்பானியர் ஏன் பச்சையாகத் தொடவில்லை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பசிபிக் கடலில் பிடிக்கும் சால்மனில் அனிசாகிஸ் என்ற புழு இருக்கும். இதன் முட்டை திமிங்கிலத்தின் கழிவோடு கடலில் விழுகிறது, பொரிந்து வரும் இளம்புழுவை கிரில் என்ற இறால் போன்ற சிறு உயிர் தின்கிறது, கிரிலை மீன் தின்கிறது, அந்த மீனைத் திமிங்கிலம் தின்னும்போது புழு வளர்ந்து மறுபடி முட்டையிடுகிறது. நடுவில் மனிதன் புகுந்து மீனைப் பச்சையாகத் தின்றால், வழிதவறி வந்த புழு இரைப்பைச் சுவரைத் துளைக்கப் பார்க்கும். வலி உயிர் போகும். எண்டோஸ்கோப்பி விட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். சமைத்தால் புழு செத்துவிடும், நன்றாக உறைய வைத்தாலும் செத்துவிடும். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் பழங்குடிகளான ஐனு மக்கள் குளிர்காலத்தில் சால்மனை உறைய விட்டு, பாதி உருகிய நிலையில் அப்படியே வெட்டித் தின்பார்கள். நுண்ணோக்கி எதுவும் இல்லாமலேயே கண்டுபிடித்த பாதுகாப்பு முறை!

சரி, நார்வேக்கு என்ன பிரச்சினை? 1970இல் ஹித்ரா தீவில் இரண்டு சகோதரர்கள் கடலில் வலைக் கூண்டு கட்டிச் சால்மன் குஞ்சுகளை விட்டு வளர்க்கத் தொடங்கினார்கள். அது பிய்த்துக்கொண்டு வளர்ந்தது. 80களில் மீன் குவிகிறது, நாட்டின் மக்கள்தொகையோ நாற்பது லட்சம் சொச்சம். அந்தப் பக்கம் ஜப்பானுக்கு நேர்மாறான தலைவலி. பல நாடுகள் தங்கள் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உரிமை கொண்டாடத் தொடங்கியதும், தூரக் கடல்களுக்குப் போய் மீன்பிடித்துப் பழகிய ஜப்பானியக் கப்பல்களுக்கு இடம் சுருங்கிவிட்டது. 1985இல் நார்வேயின் மீன்வளத்துறை அமைச்சர் தோர் லிஸ்தாவ் ஒரு குழுவோடு ஜப்பான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறு வருடமே திட்டம் தொடங்கியது.

தொடங்கியபோது சால்மனை வாட்டுகிற மீனாக விற்றிருந்தால் ஏற்கெனவே மலிவாகக் கிடைக்கும் பசிபிக் சால்மனோடு மல்லுக்கட்ட வேண்டும். பச்சையாகத் தின்னும் மீனுக்கு ஜப்பானில் விலை பல மடங்கு. அதனால் திட்டத்தின் சந்தை ஆய்வைப் பார்த்துக்கொண்ட பியோர்ன் எய்ரிக் ஓல்சென் பிடித்த பிடியில் நின்றார்: இதைச் சுஷி மீனாகத்தான் விற்க வேண்டும். அவரால் அப்படி நிற்க முடிந்ததற்குக் காரணம் தீவனம். கூண்டு மீன் கிரிலையோ சிறு மீனையோ வேட்டையாடுவதில்லை. அதிக வெப்பத்தில் வெந்து வரும் குருணையைத்தான் தின்கிறது. புழுவின் சுழற்சி அங்கேயே அறுந்துபோகிறது. இன்றைக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில், பச்சையாகத் தின்னப்போகும் கடல் மீனை மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரமாவது உறைய வைக்க வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் புழு இல்லாத தீவனத்தில் வளர்ந்த பண்ணை மீனுக்கு விலக்கு உண்டு. உறைய வைக்கத் தேவையில்லை என்றால் சதை குலையாமல், ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் விமானம் ஏறிவிடலாம்.

ஆனால் அறிவியல் ஆதாரத்தைக் காட்டினால் உடனே நாக்கு ஒத்துக்கொள்ளுமா என்ன! தலை வடிவம் சரியில்லை, நிறம் சரியில்லை, வாடை வருகிறது என்று வாங்குபவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். (நிறம் விஷயத்தில் கொஞ்சம் வேடிக்கை உண்டு. காட்டுச் சால்மனுக்குச் சிவப்பு வருவது கிரிலில் உள்ள அஸ்டாக்சாந்தின் என்ற நிறமியால். பண்ணை மீனுக்கு அதைத் தீவனத்தில் கலந்து கொடுக்கிறார்கள், இல்லையென்றால் சதை வெளிறிக் கிடக்கும். எந்தச் சிவப்பு வேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க, பெயின்ட் கடையில் இருப்பது போன்ற நிற அட்டையே உண்டு.) தூதரக விருந்துகளில் பச்சைச் சால்மனைப் பரிமாறினார்கள். பழைய வாட்டல் மீனின் பெயரான ‘சாகே’யைத் தொடாமல், ‘சாமோன்’ என்று புதுப் பெயரில் விற்றார்கள்.

1991 நெருங்கும்போது நிலைமை முற்றியது. நியாயமில்லாத மலிவு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று சொல்லி, அமெரிக்கா நார்வே சால்மன் மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. விலை சரியாமல் இருக்க மீனை வாங்கி வாங்கி உறைய வைத்த மீன்வளர்ப்போர் விற்பனை அமைப்பு அதே வருடம் திவாலானது. கிடங்குகளில் மலை மலையாக உறைந்த சால்மன். வாட்டல் மீனாகவாவது தள்ளிவிடலாம் என்ற நெருக்கடியிலும் ஓல்சென் விடவில்லை. கடைசியில் ஜப்பானின் நிச்சிரெய் நிறுவனம் 5,000 டன்னை மலிவு விலைக்கு எடுத்துக்கொண்டது, சுஷிக்குத்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அப்புறம் தட்டுகள் சுற்றி வரும் மலிவு விலை சுஷிக் கடைகள் அதைப் பிடித்துக்கொண்டன, சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கொழுப்பும் இனிப்பும் பிடித்துப்போனது.

இதில் அரசு எதற்கு என்று கேட்கலாம். ஒரு தனி நிறுவனம் கோடிகளைக் கொட்டி ஜப்பானியரைப் பழக்கினால், பக்கத்து நிறுவனமும் காசு செலவில்லாமல் அதே பலனை அள்ளிக்கொண்டு போகும்; அதனால் யாரும் முதலில் கொட்ட மாட்டார்கள். நார்வே இதற்கு நிரந்தர வழியும் செய்தது: 1991இல் மீன் ஏற்றுமதிக் குழு ஒன்றை அமைத்து, ஏற்றுமதியாகும் மீனின் மதிப்பில் ஒரு சிறு பங்கைத் தீர்வையாக வாங்கி, விளம்பரத்தைப் பொதுச் செலவாக்கியது. அப்படியும் இலவசமாகப் பலன் அடைந்தவர்கள் உண்டு. சிலி நாட்டுப் பண்ணை மீனும் அதே ஜப்பானில் பெரிய அளவில் விற்கிறது.

சீனாவில் கதை வேறு. 2010இல் நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில், சீன அரசை எதிர்த்துக் குரல் கொடுத்த ஒரு சீனருக்கு அமைதி நோபல் அறிவிக்கப்பட்டதும், நார்வே சால்மனுக்கு மட்டும் அங்கே சோதனைகள் நீண்டன. ஐஸ் உருகும் வேகத்தில் விலை இறங்கும் சரக்குக்கு அது போதும். ஃபாரோ தீவுகளும் ஸ்காட்லாந்தும் அந்த இடத்தைப் பிடித்தன. உறவு சீரானது 2016 டிசம்பரில்தான்.