பத்தாவது ஆளுக்குப் பயப்படும் பட்டறைகள்

சேலத்தில் பிஎஃப் (வருங்கால வைப்புநிதி), இஎஸ்ஐ (தொழிலாளருக்கான மருத்துவ, விபத்துக் காப்பீடு) கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை ஆள் வரைக்கும் பிரச்சினை இல்லைங்க?"

10 பேர் இருந்தால் இஎஸ்ஐ கட்டாயம், 20 பேர் இருந்தால் பிஎஃப்பும். சின்ன முதலாளி மூச்சுவிடட்டும் என்றுதான் இந்த வரம்பு. ஆனால் ஆர்டர் குவிந்தாலும் பத்தாவது ஆள் பதிவேட்டில் ஏறுவதில்லை. வேலை வீடுகளுக்குப் போய்விடுகிறது, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. பற்றவைக்கும் நெருப்பு, பிள்ளைகள் படுத்துத் தூங்கும் அறைக்கே வந்துவிடுகிறது. சட்டம் யாரைக் காக்க வந்ததோ அவர்தான் அதன் கண்ணிலிருந்து மறைந்து போகிறார்.

வீட்டம்மா பெயரில் இன்னொரு பில் புத்தகம் போட்டு ஒரே பட்டறையை இரண்டாகக் காட்டுகிறவர்களும் உண்டு. ஒரே மேஸ்திரி, ஒரே கரண்ட் பில், ஆட்கள் இங்கும் அங்கும் மாறி வேலை பார்க்கிறார்கள் என்றால் அதிகாரி இரண்டையும் சேர்த்தே எண்ணுவார். ஒருமுறை உள்ளே வந்த நிறுவனம் ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது என்ற விதிதான் இவர்களை அதிகம் மிரட்டுகிறது. தீபாவளி சீசனுக்கு நாலு பேரைக் கூடுதலாக வைத்தவர் காலத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பயத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு இஎஸ்ஐயில் முதலாளி பங்கு 3.25%, அதாவது மாதம் 488 ரூபாய். 2019 ஜூலைக்கு முன்னால் இது 4.75%. பத்துப் பேருக்கும் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிகிறது. இஎஸ்ஐ இல்லாத பட்டறையில் 40 வயதுக்காரர் வேலையில் இறந்தால்? 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து தொடரும் கணக்குப்படி பாதிச் சம்பளம் 7,500ஐ அந்த வயதுக்கான எண் 184.17ஆல் பெருக்க வேண்டும். சுமார் 13.8 லட்சம், முழுக்க முதலாளி கையிலிருந்து.

தொழிலாளியும் சில நேரம் "என் பேரைச் சேர்க்காதீங்க" என்பார். பிஎஃப்புக்கு 1,800 ரூபாய் பிடித்தால் வாடகைக்கு என்ன செய்வது என்பது அவர் கவலை. இஎஸ்ஐக்கு அவரிடம் பிடிப்பது 113 ரூபாய்தான் என்று சொன்னால் பாதிப் பேர் சம்மதிக்கிறார்கள்.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களிலும் இதே கதைதான். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், 50 பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் என்று எல்லாவற்றையும் தோட்டக்காரர் தலையில் வைத்தது. நல்ல நோக்கம்தான். காபி விலை சரிந்தால் நிரந்தர ஆளைக் குறைத்துவிட்டு, பழம் பறிக்க வேனில் தினக்கூலி ஆட்களை ஏற்றிவருவது லாபமாகத் தெரிகிறது.

சரி, வரம்பை உயர்த்தினால் தீருமா? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், மின்சாரத்தில் இயங்கும் இடம் 'தொழிற்சாலை' ஆக 10 பேருக்குப் பதில் 20 பேர் வேண்டும். எனக்கு இது பிடிக்கவில்லை. இனி இருபதாவது ஆளுக்குப் பயப்படுவார்கள், அவ்வளவுதான். ஆளை எண்ணுவதை விட்டுவிட்டு, முதல் ஆளிலிருந்தே சின்னப் பங்கு என்று படிப்படியாக ஏற்றியிருக்கலாம்.

இஎஸ்ஐ வரம்பு பத்திலேயே நிற்கிறது. அதற்குக் குறைவாக ஆள் உள்ளவர்களும், பெரும்பாலான தொழிலாளர்கள் ஒப்புக்கொண்டால், தாங்களாகவே சேர்வதற்குப் புதிய சட்டத்தில் வழி இருக்கிறது. ஏழெட்டுப் பேரை வைத்திருப்பவர்கள் இதை உங்கள் கணக்கரிடம் கேளுங்கள். ஏற்கெனவே இஎஸ்ஐயில் இருப்பவர்கள் புது ஆளை வேலைக்குச் சேர்ந்த 10 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். விபத்து நடந்த அன்று ராத்திரி போன் செய்து "இப்போ சேர்த்துடலாமா?" என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்காது.